வாத்தியாருக்கு மாசம் லட்ச ரூபாயா?

கல்யாணப் பந்தியில் கேட்டாயிற்று, சலூனில் கேட்டாயிற்று, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அடிக்கடி வந்து விழுகிறது: "கவர்மென்ட் வாத்தியாருக்கு மாசம் ஒரு லட்சம், வருஷத்துல பாதி நாள் லீவு." சொல்கிறவர்களில் ஒருவர்கூடச் சம்பளப் பட்டியலைக் கண்ணால் பார்த்தவரில்லை. நான் பார்த்தவன். கல்வி அலுவலகத்தில் பில் போட்டுக் கருவூலத்துக்கு அனுப்பும் மேசையிலேயே தலை நரைத்தவன். அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 'ஆசிரியர் சம்பளம்' என்று ஒரே தொகை எதுவும் கிடையாது. ஒரே பள்ளியில் ஒன்றாக உட்கார்ந்து டிபன்பாக்ஸைத் திறக்கும் நாலைந்து பேருக்கு நாலைந்து விதச் சம்பளம். லட்சத்தைத் தொடுபவர் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. முப்பது வருட சர்வீஸ் போட்ட முதுகலை ஆசிரியரும் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரும் தொடுவார்கள், தாண்டவும் செய்வார்கள். அதே சர்வீஸ் போட்ட தாசில்தாரும்தான் வாங்குகிறார். அவரைப் பற்றி யாரும் ஃபார்வேர்டு அனுப்பக் காணோம்.

சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கும் இடைநிலை ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ, அதன்பின் இரண்டு வருடப் பட்டயப் படிப்பு, அதற்கு மேல் டெட் எனும் தகுதித் தேர்வு. அதிலும் பாஸானவருக்கு 2018-இல் அரசாணை 149 வந்து, இன்னொரு போட்டித் தேர்வு எழுது என்றது. 2013-இல் டெட் பாஸாகி, வேலை வரும் வரும் என்று காத்திருந்தே வயதைத் தொலைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இத்தனையும் தாண்டி உள்ளே வந்தால் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். பத்தாம் வகுப்புத் தகுதியோடு குரூப் 4 எழுதி வரும் இளநிலை உதவியாளருக்கு 19,500. வித்தியாசம் 1,100 ரூபாய். கேந்திரிய வித்யாலயாவில் அதே ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவருக்கோ தொடக்கமே 35,400.

"அடிப்படை ஊதியத்தைச் சொல்லி ஏமாற்றாதே, டிஏ எங்கே?" என்பீர்கள். போட்டே பார்ப்போம். அகவிலைப்படியை 55 சதவீதம் என்று வைத்தால் 20,600 என்பது ஏறத்தாழ 32,000 ஆகும். அதற்கு மேல் வீட்டு வாடகைப்படி, கிராமத்தில் அது சொற்பம். ஆண்டுக்கு ஒரு இன்கிரிமென்ட், 3 சதவீதம். பத்தாம் வருடம் தேர்வு நிலை, இருபதாம் வருடம் சிறப்பு நிலை. எல்லாம் ஒழுங்காக வந்தாலும், இந்த விகிதப்படி, இருபது வருடம் முடித்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 42,000-ஐ ஒட்டித்தான் நிற்கும். டிஏயோடு 65,000 அளவு. பிடித்தம் போகக் கையில் வருவது இன்னும் கீழே. லட்சம் எங்கே ஐயா இருக்கிறது?

இதிலும் ஒரு கூத்து உண்டு. 2009 மே 31 வரை வேலையில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு ஆறாவது ஊதியக் குழுவின்படி பழைய 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கி 8,370 என்று நிர்ணயம் செய்தார்கள். மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்குப் பெருக்க எதுவும் இல்லை, ஊதியக் கட்டின் அடிமட்டமான 5,200-இல் உட்காரவைத்தார்கள். தர ஊதியம் 2,800 இருவருக்கும் ஒன்றே. ஒருநாள் இடைவெளிக்கு மாதம் 3,170 ரூபாய் நட்டம், அதுவும் அடிப்படை ஊதியத்தில். அதன் மேல்தான் டிஏ, அதன் மேல்தான் இன்கிரிமென்ட், அதை வைத்துத்தான் அடுத்த ஊதியக் குழுவின் நிர்ணயம். பக்கத்துப் பக்கத்து வகுப்பறை, ஒரே பாடநூல், ஒரே மணியடிப்பு. இவர்கள்தாம் 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்ற பதாகையோடு 2018 டிசம்பரில் சென்னையில் பள்ளிக் கல்வித் துறைத் தலைமை அலுவலகமான டிபிஐ வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தவர்கள். 2021 தேர்தல் அறிக்கையில் திமுக இதை 311-ஆவது வாக்குறுதியாக எழுதியது. எண்ணை மட்டும் ஆசிரியர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

அதற்கும் கீழே ஒரு வரிசை இருக்கிறது. ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் எடுக்க 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அது 12,500-ஐ எட்டவே பத்து வருடத்துக்கு மேல் ஆனது. வாரத்துக்கு மூன்று அரை நாள் என்பது உத்தரவு. ஸ்போர்ட்ஸ் டே வந்தால் உத்தரவை யார் பார்க்கிறார்கள்? 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியே தற்காலிகமாக இடைநிலை ஆசிரியரை 7,500 ரூபாய்க்கு நியமிக்கலாம் என்றது துறை. கண்டனம் வந்த பிறகு 12,000 ஆக்கினார்கள். வாத்தியாருக்கு லட்சம் என்று சொல்கிறவர், பிள்ளையின் பள்ளிக்குப் போய் இவர்களிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

மறுபக்கத்துப் புளுகையும் சொல்லிவிடுகிறேன், சங்கத்து நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. "எந்தப் படித்த வேலைக்கும் எங்களைவிடக் குறைந்த சம்பளம் இல்லை" என்று மேடையில் முழங்குகிறார்கள். தப்பு. பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400. அகவிலைப்படி சேர்ந்தால் 56,000 தாண்டும். பொறியியல் முடித்து ஐடி கம்பெனியில் நுழையும் பையனுக்கு வருடத்துக்கு மூன்றரை லட்சம் என்பது பல காலமாக நகராத தொகை. ஆகத் தொடக்கத்தில் ஆசிரியர்தான் மேலே. பத்து வருடம் கழித்து அந்தப் பையன் எங்கே, இவர் எங்கே என்பது வேறு கதை. அதையும் வேலையில் நிலைத்தவனை வைத்துத்தான் பேச முடியும், நாற்பதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவனை வைத்து அல்ல.

மிச்சப் புரளிகளுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். பாதி நாள் லீவா? கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை 200 வேலைநாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் என்கிறது. ஆசிரியருக்கு, தயாரிப்பு நேரம் உட்பட, வாரம் 45 மணி நேரம். கோடை விடுமுறை இருப்பதால்தான் மற்ற ஊழியருக்கு 30 நாளாக இருக்கும் ஈட்டிய விடுப்பு இவர்களுக்கு 17. பென்ஷனா? 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் போட்டு மாதம் 10 சதவீதம் பிடித்தார்கள். 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோவின் வேலைநிறுத்தம் நடந்ததே அதற்கும் சேர்த்துத்தான். தனியார் பள்ளியில் இதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு வேலை பார்க்கவில்லையா என்றால், பார்க்கிறார்கள். அந்த அநியாயத்தையா அளவுகோலாக வைப்பது?

என் கவலை வேறு. தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் ஒரு எழுத்தர் பணியிடம்கூடக் கிடையாது. எமிஸ் எனும் இணையதளத்தில் மாணவர் விவரம் ஏற்றுவது, வங்கிக் கணக்கு, ஆதார், உதவித்தொகைப் பட்டியல், இலவசப் பொருள் கணக்கு எல்லாம் ஆசிரியர் தலையில். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் செல்போனில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தால் மற்றவர் ஐந்து வகுப்பையும் மேய்க்கிறார். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி அலுவலரும் அவரே. 20,600-க்கு ஆள் எடுத்து 19,500-க்குரிய வேலையைச் செய்யச் சொல்கிறோம், பாடம் அது முடிந்த பிறகு. ஐந்து பள்ளிக்கு ஒரு இளநிலை உதவியாளரைப் போடச் சொல்லி நான் அலுவலகத்தில் எழுதாத குறிப்பில்லை. அந்தக் குறிப்புகள் எல்லாம் "நிதித்துறை இசைவு தேவை" என்ற ஒற்றை வரியோடு என் மேசைக்கே திரும்பி வந்தன. புதிதாகப் பணியிடம் உருவாக்க மனமில்லை என்றால், உபரி என்று கணக்குக் காட்டி வட்டாரம் வட்டாரமாக மாற்றுகிற ஆசிரியர்களை வைத்தாவது, ஒரு வட்டாரத்தில், ஒரே ஒரு கல்வியாண்டுக்கு இதைச் செய்து பாருங்கள்.