மழைக்கோடுகள்

பூவிருந்தவல்லிக்கு அணித்தே பரந்து கிடப்பது செம்பரம்பாக்கம் ஏரி. மிகுநீர் அடையாற்றிற் சென்று சேரும். இங்கு நாள்தோறும் பெய்யும் மழை மழைமானியால் அளந்து குறிக்கப்படுகிறது.

அவ்வளவுகளைப் படமாக வரையப் புகுவோர் பலர், நாளுக்கொரு புள்ளியிட்டு, புள்ளிகளைக் கோட்டால் இணைத்துவிடுகின்றனர். இது பிழை. திங்களன்று மழையில்லை, செவ்வாயன்று 6 செ.மீ. பெய்தது எனின், இணைகோடு நடுவே 3 செ.மீ. என்றொரு அளவைக் காட்டும். திங்களுக்கும் செவ்வாய்க்கும் இடையே வேறொரு நாள் ஏது?

ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அடிக்கோடு வரை ஒரு குத்துக்கோடு இழுப்பதே தக்க முறை. இதனைத் துடிப்புக்கோட்டுப் படம் எனலாம். அடிக்கோல் கொண்டு கையாலும் வரையலாம். 1986இல் வெளிவந்த க்னூபிளாட் என்னும் கணினிச் செயலியிலோ, கோப்பின் பெயரையடுத்து ‘வித் இம்பல்சஸ்’ என்று எழுதினாற் போதும்.

ஏரியின் நீர்மட்டம் அத்தன்மையதன்று. 20 அடியில் நின்ற நீர் 22 அடியை எட்டுமுன் 21 அடியைக் கடந்தே தீரும். ஆதலின் அதற்கு இணைகோடே பொருந்தும்.

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்றங்கரைக் குடியிருப்புகள் பல வெள்ளத்துள் மூழ்கின. அம்மழையை இணைகோட்டால் வரைந்தால், முந்திய நாளிலிருந்தே அது படிப்படியாக ஏறிவந்ததுபோற் சரிவொன்று தோன்றும். காண்போர், கரையில் வாழ்ந்தவர் முன்னரே ஒதுங்கியிருக்கலாகாதா என்று பழி கூறவும் கூடும். துடிப்புக்கோட்டுப் படத்திலோ அந்நாள், அண்டை நாள்களின் கோடுகளுக்கு மேலாக, ஒற்றைப் பனைபோல் நிற்கும்.