வருமான வரியும் எமது வீட்டுக் கணக்கும்

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 ஆனியில் இடம்பெயர்ந்து, முகாமும் வாடகை வீடுமாகப் பல இடம் கண்டு, தமது காணியின் ஒரு பகுதிக்கு மாத்திரம் திரும்பியிருக்கும் குடும்பம் ஒன்றின் மூத்த அம்மா, எமது கிராமக் கூட்டம் ஒன்றுக்குத் தமது வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். நிலையான வைப்பின் வட்டி வந்து விழும் புத்தகம் அது. முந்திய ஆண்டிலும் பார்க்க வட்டி குறைவாக விழுந்திருந்தது.

“ஃபாதர், நான் ஒரு சதமும் உழைக்கிறதில்லை. பிள்ளையள் அனுப்பின காசைத்தான் போட்டு வைச்சிருக்கிறன். அதிலையும் வரி வெட்டியிருக்கினம். நான் என்னத்துக்கு வரி கட்டவேணும்?”

அவர் வரி கட்டத் தேவையில்லை. ஆனாலும் அவரிடமிருந்து வரி கழிக்கப்பட்டுள்ளது. இவை இரண்டுமே உண்மை. இவை எவ்வாறு ஒன்றாக இருக்க முடியும் என்பதையே இப்பாடத்தில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

வருமான வரி இலங்கைக்கு வந்தது 1932 இல். அன்று தொட்டு எமது கமக்காரர்கள் அதை உத்தியோகத்தருக்கும் முதலாளிமாருக்கும் உரிய விடயமாகவே கருதி வந்துள்ளனர். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. ஆனால் 2018 க்குப் பின் சட்டம் பலமுறை மாறிவிட்டது. ஒவ்வொரு மாற்றமும் எமது படலை வரை வந்து போயிருக்கிறது, எமக்குத்தான் தெரியவில்லை.

முதலில் அடிப்படையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஓராண்டில் பெறும் வருமானத்தில் ஒரு குறித்த தொகைக்கு வரி இல்லை. இதனைத் தனியாள் நிவாரணம் என்பர். அதற்கு மேற்பட்ட பகுதிக்கே வரி. ஆண்டு என்பது இங்கே தை முதல் மார்கழி வரை அன்று. ஏப்ரல் 1 தொடக்கம் அடுத்த ஆண்டு மார்ச் 31 வரை. கணக்கும் குடும்பத்துக்கு அன்று, ஆளுக்கு. முன்பு ஒரு காலத்தில் மனைவியின் வருமானத்தைக் கணவனுடையதோடு கூட்டிப் பார்த்தார்கள். அந்த முறை போய்விட்டது. கணவனுக்கு ஒரு நிவாரணம், மனைவிக்கு ஒரு நிவாரணம். தோட்டம் ஒருவருடையது, தையல் வேலை மற்றவருடையது என்றால் இரண்டையும் கூட்டிப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

இந்த நிவாரணத் தொகைதான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் அது 5 இலட்சம் ரூபா. சம்பளக்காரருக்கு மேலும் 7 இலட்சம். 2020 ஜனவரியில் அதனை ஒரேயடியாக 30 இலட்சமாக உயர்த்தினார்கள். நாடு முழுவதும் பெருந்தொகையானோர் வரியிலிருந்து விடுபட்டனர். திறைசேரியின் வருவாயும் விழுந்தது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அறிவித்ததற்கு இது ஒன்றே காரணம் அன்று, எனினும் இதுவும் ஒரு காரணம். பின்னர் சர்வதேச நாணய நிதியத்தோடு உடன்பாடு காணும் வழியில், 2023 ஜனவரியில் நிவாரணத்தை 12 இலட்சமாகக் குறைத்தார்கள். மிக உயர்ந்த வரி வீதம் 36 ஆகியது. வைத்தியர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வீதிக்கு இறங்கினர். 2025 ஏப்ரல் 1 தொடக்கம் நிவாரணம் 18 இலட்சம். அதாவது சராசரியாக மாதம் ஒன்றரை இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட வருமானமுள்ளவருக்கு வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு நூற்றுக்கு 6. அதற்கும் மேலே 18, 24, 30, 36 என ஏறிச் செல்லும். எம்மில் மிகச் சிலருக்கே அந்தப் படிகள் தேவைப்படும். ஆகவே அவற்றை விட்டுவிடுவோம்.

இனி அந்த அம்மாவின் புத்தகத்துக்கு வருவோம்.

வட்டிப் பணத்தை வைப்பாளர் கையில் கொடுப்பதற்கு முன்பே வரியைக் கழித்து அரசுக்குச் செலுத்தும்படி வங்கிகளுக்குச் சட்டம் கட்டளையிடுகிறது. 2020 இல் இக்கழிவு நிறுத்தப்பட்டிருந்தது. 2023 ஜனவரியில் நூற்றுக்கு 5 என்று திரும்பி வந்தது. 2025 ஏப்ரலில் நூற்றுக்கு 10 ஆகியது. வங்கிக்கு உங்கள் மொத்த வருமானம் தெரியாது. கொழும்பில் பல வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவரும், தையிட்டியில் தகரக் கொட்டிலில் இருக்கும் கிழவியும் அதற்கு ஒன்றே. எல்லோரிடமும் கழித்துவிடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 30 இலட்சம் ரூபா வைப்பு. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 8 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 240,000 ரூபா. இதில் 24,000 ரூபா கழிகிறது. மாதம் 2,000 ரூபா. வேறு வருமானம் எதுவும் இல்லாத அம்மாவின் மொத்த ஆண்டு வருமானம் 240,000 தான். 18 இலட்சத்துக்கு அது எவ்வளவு தூரம்! அவர் கட்டவேண்டிய வரி பூச்சியம். அந்த 2,000 ரூபா அவருடைய மருந்துச் செலவு.

சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகும் எமது கமக்காரருக்கு வியாபாரி நூற்றுக்குப் பத்துக் கிலோ கழிவு எடுப்பது பழகிய துயரம். அதற்கு எதிராகப் பேசிப் பேசி அலுத்துவிட்டோம். ஆனால் வங்கியின் பத்து அப்படியானதன்று. அதை நிறுத்துவதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. 2025 மாற்றத்தோடு, தமது ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று வைப்பாளர் ஒரு சுயபிரகடனப் படிவத்தை நிரப்பி வங்கியில் கொடுத்தால் வங்கி கழிக்காது. ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். இரண்டு வங்கியில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். ஏப்ரல் பிறந்ததும் கொடுப்பது நன்று. பிந்தினால் அதற்கு முன் விழுந்த வட்டியில் கழிந்தது கழிந்ததுதான். கழிந்ததை மீட்கவும் வழி உண்டு. மார்ச் 31 இல் ஆண்டு முடிந்தபின், நவம்பர் 30 ஆம் திகதிக்குள் வருமான விபரத்திரட்டை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுத்து, மேலதிகமாகக் கழிந்ததைத் திருப்பிக் கேட்கலாம். வங்கி தரும் வரிக்கழிவுச் சான்றிதழ் அதற்குத் தேவை. இது நீண்ட வழி. படிவம் கொடுப்பது குறுக்கு வழி.

எம் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறோம். இல்லாதவரிடம் முதலில் எடுத்துவிட்டு, “கேட்டால் தருவோம்” என்பது தலைகீழான ஒழுங்கு. கேட்கத் தெரிந்தவருக்கு அது கிடைக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்குக் கிடைக்காது. இந்த ஒழுங்கு மாறவேண்டும். மாறும்வரை ஒவ்வொரு கிராமக் குழுவிலும் படிவம் நிரப்பத் தெரிந்த இருவர் இருக்கவேண்டும்.

படிவத்தில் டின் இலக்கம், அதாவது வரி செலுத்துநர் அடையாள இலக்கம் கேட்கப்படும். எமது மக்கள் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். 18 வயது நிரம்பியவர்கள் பதிவுசெய்ய வேண்டுமென்ற அறிவித்தல் 2023 இல் வந்தபோது, “பெயர் கொடுத்தால் வரி வரும்”, “வெளிநாட்டுக் காசையும் கேட்பார்கள்” என்று ஊரெல்லாம் கதை பரவியது. பதிவு என்றால் அஞ்சுவதற்கு எமக்குக் காரணங்கள் உண்டு. எத்தனை தரம் எத்தனை பேரிடம் பெயர் கொடுத்து வரிசையில் நின்றோம்! ஆனால் இந்த இலக்கம் எடுப்பது வேறு, வரி கட்டுவது வேறு. இலக்கம் எடுத்ததால் மாத்திரம் எவர்மீதும் வரி விழாது. வருமானம் எல்லையைத் தாண்டினால்தான் விழும். இலக்கம் எடுக்காத வயோதிபரிடமிருந்து வரி கழிந்துகொண்டிருப்பதை மேலே கண்டோம். திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தால் மட்டும் அதைக் கூரையில் சொருகி வைக்காதீர்கள். வருமானம் எல்லைக்குக் கீழே என்றால் அதைச் சொல்லிப் பதில் எழுதவேண்டும்.

பிள்ளைகள் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணம் அன்பளிப்பு. அது உங்கள் வருமானம் அன்று. வீடு கட்ட உதவித்திட்டத்தில் கிடைத்த பணமும் அப்படியே. ஆனால் அப்பணத்தை வங்கியில் இட்டு வரும் வட்டி வருமானம்.

தோட்டக் கணக்கு

இதுவரை சொன்னதிலும் பார்க்கக் கமக்காரர் கவனிக்க வேண்டியது இது. தாம் பயிரிட்ட விளைபொருளைப் பதனிடாமல் அப்படியே விற்பதால் வரும் இலாபத்துக்கு 2019 ஏப்ரல் 1 தொடக்கம் 5 ஆண்டுகளுக்கு வரிவிலக்கு இருந்தது. அந்த 5 ஆண்டும் 2024 மார்ச் 31 இல் முடிந்துவிட்டன. அதன் பின்னரான தோட்ட இலாபம் மற்ற வருமானங்களோடு சேர்த்துக் கணக்கிடப்படும்.

இலாபம் என்றோம், விற்ற காசு என்று சொல்லவில்லை. எட்டுப் பரப்பில் இரண்டு போகம் வெங்காயம் வைத்த ஒருவர் மொத்தம் 22 இலட்சத்துக்கு விற்றார் என்று வைத்துக்கொள்வோம். “18 ஐத் தாண்டிவிட்டேனே” என்று அவர் கலங்கினால் அது வீண் கலக்கம். விதை வெங்காயம், பசளை, மருந்து, லாண்ட்மாஸ்டர் உழவு, இறைப்புக்கு எண்ணெய் அல்லது மின்சாரம், கிண்டல் கூலி, சாக்கு, லொறிக்கூலி, சந்தைக் கழிவு எல்லாம் செலவு. தமது காணி இன்னும் வேலிக்கு அப்பால் கிடப்பதால் பிறருடைய காணியைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு அந்தக் குத்தகையும் செலவே. எல்லாமாக 13 இலட்சம் என்றால் இலாபம் 9 இலட்சம். எல்லையில் பாதிதான். வீட்டுச் சாப்பாடும் பிள்ளைகளின் படிப்பும் தோட்டச் செலவில் சேரா. தன் சொந்த உடம்பு உழைப்புக்கும் கூலி எழுத முடியாது.

ஆனால் இதையெல்லாம் காட்டுவது எப்படி? ஒரு கொப்பி வேண்டும். கடையில் பசளை வாங்கினால் துண்டு கேட்டு வாங்குங்கள். கூலியாள் துண்டு தரமாட்டார். திகதி, பெயர், தொகை எழுதி அவரிடம் கையொப்பம் வாங்குங்கள். ஓடி ஓடி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தொலைத்த எமக்குக் கடதாசியின் பெறுமதியை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றைப் பொலித்தீன் பையில் இட்டு வீட்டில் ஒரே இடத்தில் வையுங்கள்.

வரி உண்மையில் எட்டக்கூடியவர் எம்மிடையே யார்? அரசாங்க உத்தியோகமும் பார்த்து, பின்னேரம் தோட்டமும் செய்பவர். மாதச் சம்பளம் 90,000 ரூபா, ஆண்டுக்கு 1,080,000. தோட்ட இலாபம் 9 இலட்சம். கூட்டினால் 1,980,000. 2023/24 ஆம் ஆண்டில் தோட்டத்துக்கு விலக்கு இருந்தது, சம்பளம் மட்டும் 12 இலட்சத்துக்குக் கீழே, வரி இல்லை. 2024/25 இல் விலக்கு இல்லை, நிவாரணமோ 12 இலட்சமே. மிச்சம் 780,000. முதல் 5 இலட்சத்துக்கு 6 வீதப்படி 30,000, மீதி 280,000 க்கு 12 வீதப்படி 33,600. ஆக 63,600 ரூபா. 2025/26 இல் நிவாரணம் 18 இலட்சம்; மிச்சம் 180,000; அதற்கு 6 வீதம் 10,800 ரூபா. அதே ஆள், அதே சம்பளம், அதே தோட்டம்.

இவருக்கு அலுவலகத்தில் எதுவும் கழிக்கமாட்டார்கள். சம்பளம் மட்டும் எல்லைக்குக் கீழே அல்லவா? ஆகவே தமக்கு வரி இல்லையென்றே அவர் இருந்துவிடுவார். சம்பளத்தையும் தோட்டத்தையும் கூட்டிப் பார்த்து விபரத்திரட்டுக் கொடுப்பது அவருடைய பொறுப்பு. அப்படிக் கொடுக்காமல் விட்டவர் 2024/25 கணக்கைத் தாமாகவே போய்ச் சரிசெய்வது நல்லது. தண்டம் வளர்ந்தபின் போவதிலும் பார்க்க அது இலேசு.

காணி விற்பவருக்கு ஒரு சொல். காணி விற்ற இலாபத்துக்கு 2018 ஏப்ரலிலிருந்து நூற்றுக்கு 10 வரி இருந்தது. 2025 ஏப்ரலிலிருந்து தனியாளுக்கு 15. விற்று ஒரு மாதத்துக்குள் அதற்கான விபரத்திரட்டைக் கொடுக்க வேண்டும். பழைய காணியென்றால் 2017 செப்ரெம்பர் 30 இல் இருந்த சந்தை விலையை வாங்கிய விலையாகக் கொள்வார்கள். அந்த ஆண்டு யூலையில்தான் மயிலிட்டித் துறைமுகத்தை அண்டிய காணிகள் 27 ஆண்டுகளின் பின் விடுபட்டன. வசாவிளான், பலாலிப் பக்கத்தில் பல காணிகள் அப்போதும் முட்கம்பிக்கு உள்ளேதான். உடையவரே கால்வைக்க முடியாத காணிக்கு அன்று என்ன சந்தை விலை? அதைக் குறைத்து மதித்தால் இலாபம் கூடும், வரியும் கூடும். தாம் வாழ்ந்த வீட்டை விற்பவருக்கு விலக்கு உண்டு. ஆனால் விற்பதற்கு முந்திய 3 ஆண்டுகளில் 2 ஆண்டாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். முப்பது ஆண்டு உள்ளே விடாமல் வைத்திருந்தவர்களுக்கு இந்த நிபந்தனை எப்படிப் பொருந்தும்? சட்டம் எழுதியவர்கள் எம்மை நினைத்து எழுதவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது. உறுதி முடிக்குமுன் நொத்தாரிசிடமும் வரிக் கணக்குத் தெரிந்தவரிடமும் இதைக் கேட்டுவிடுங்கள்.

குழுக்களுக்கான பயிற்சி: அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தேசிய அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கடைசிப் போகத்தின் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். முதலில் வட்டி எவ்வளவு, அதில் கழிந்தது எவ்வளவு என்று புத்தகத்தில் பென்சிலால் வட்டமிடுங்கள். பின்பு ஆளுக்கு ஆள் ஆண்டு வருமானத்தைக் கூட்டி, 18 இலட்சத்தோடு ஒப்பிடுங்கள். எல்லைக்குக் கீழே இருந்தும் கழிவு நடந்திருப்பவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். அவர்கள் எல்லோரும் ஒரு நாளைக் குறித்து, படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவரோடு சேர்ந்து வங்கிக்குப் போகலாம். டின் இலக்கம் இல்லாதவர்கள் அதற்கு முன்பே அதை எடுத்துவிட வேண்டும்.