ஒரு கொதியில் சாறும் பொரியலும்

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்பது பேர். கணவரும் கொழுந்தனாரும் ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. நானும் ஓரகத்தியும், மாமனார், மாமியார், மூன்று பிள்ளைகள். ரேஷன் அரிசி இருப்பதால் மூன்று வேளையும் சோறுதான். காய்கறி விலைதான் கட்டுப்படியாகவில்லை. மூத்த மகளுக்கு இரத்தசோகை என்கிறார் டாக்டர். குறைந்த செலவில் சத்தாகச் சமைக்க வழி சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: சகோதரி, விதவிதமாகக் காய் வாங்க வேண்டும் என்று கவலைப்படாதீர்கள். ஒரு வேளைச் சோற்றுக்குப் பதில் ராகிக் களி கிண்டி, பயறும் கீரையும் சேர்ந்த சாறு வையுங்கள். தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளைவதே ராகியும் கொள்ளும் அவரையும்தான். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு; அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

உங்கள் பக்கத்துக் கன்னட வீடுகளில் செய்யும் பஸ்சாறு, பெரிய குடும்பத்துக்கென்றே அமைந்த சமையல். அரைக் கிலோ கொள்ளை இரவே ஊறவைத்து, மறுநாள் நிறையத் தண்ணீர் விட்டுக் குக்கரில் குழைய வேகவிடுங்கள். பிறகு திறந்து, இரண்டு கட்டு முளைக்கீரையை நறுக்கிப் போட்டு ஐந்து நிமிடம் கொதித்ததும் நீரை வடித்துக்கொள்ளுங்கள். காய்ந்த மிளகாய், மல்லி, பூண்டு, வெங்காயம், தக்காளியோடு ஒரு கைப்பிடி வெந்த கொள்ளையும் அரைத்து, புளி கரைத்து அந்த நீரில் கொதிக்கவிட்டால் சாறு. மீதிக் கொள்ளையும் கீரையையும் கடுகு தாளித்துப் புரட்டினால் பொரியல். ஒரே அடுப்புச் செலவில் இரண்டு பதார்த்தம். தலைக்குச் சுமார் 12 கிராம் புரதம். மறுமுறை கொள்ளுக்குப் பதில் ரேஷன் துவரம்பருப்பு. கிலோ 30 ரூபாய்தானே!

களி மிஞ்சினால் தண்ணீரில் போட்டுவையுங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவருக்குக் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் கொடுக்கலாம்.

மகளுக்குப் பொரியல்மேல் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ வேண்டாம். அது இரும்பைச் சேரவிடாது. டாக்டர் மாத்திரை தந்திருந்தால் அதையும் நிறுத்தக் கூடாது.

இன்னொன்று: ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு, அடிச்சட்டியில் மிஞ்சியதை நீங்களும் ஓரகத்தியும் உண்பது வழக்கமானால் இன்றே மாற்றுங்கள். சமைத்து இறக்கியதுமே ஒன்பது பங்காகப் பிரித்துவிடுங்கள். கொள்ளும் கீரையும் உங்கள் இருவர் தட்டிலும் அதே அளவு விழவேண்டும்.