போதும் என்ற மனம்

 

பணம் வந்தால் நிம்மதி வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். திருக்குர்ஆனின் 102-வது அத்தியாயமான அத்தகாஸுர், அதிகம் சேர்க்கும் போட்டி மண்ணறை வரை மனிதனைத் திசைதிருப்பும் என எச்சரிக்கிறது. கவனியுங்கள், ஹலாலான சம்பாத்தியத்தை அது தடுக்கவில்லை, போட்டியைத்தான் கண்டிக்கிறது.

நமதூர் தரும் பாடம்

2023-ல், திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நகை நிறுவனம் தங்க முதலீட்டில் அதிக லாபம் தருவதாகச் சொல்லி, சுமார் 100 கோடி ரூபாய் வசூலித்து ஏமாற்றியதாகப் புகார் எழுந்தது. நவம்பரில் அமலாக்கத்துறை சோதனை நடத்தியது. பணத்தை இழந்தவர்களைக் குறைகூற இதைச் சொல்லவில்லை; பாவம் ஏமாற்றுபவர் மீதுதான். ஆனால், "நஷ்டத்தில் பங்கே இல்லாமல் லாபம் மட்டும் எப்படி வரும்?" என்று கேட்க வேண்டிய நம் மனம் இதுபோன்ற இடங்களில் ஏன் வாயடைத்துப் போகிறது? "பக்கத்து வீட்டுக்காரரே போட்டுவிட்டார்" என்ற ஒரு பேச்சு போதுமானதாகிவிடுகிறது.

மனம் பழகிவிடும்

ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு இருப்பவருக்குச் சொந்த வீடு பெருங்கனவு. வாங்கி ஒரு வருடம் போனால், தில்லைநகரில் பார்த்த பெரிய வீடு கண்ணை உறுத்தும். கிடைத்தது எதுவானாலும் மனம் அதற்குப் பழகிவிடும் என்கிறார்கள் உளவியலாளர்கள். ஓர் ஓடை நிறையத் தங்கம் இருந்தாலும் மனிதன் இன்னொன்றை விரும்புவான் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் அன்றே சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). உலக விஷயத்தில் நமக்குக் கீழே உள்ளவரைப் பாருங்கள் என்று மருந்தையும் காட்டினார்கள் (முஸ்லிம்).

இதனால் வறுமை நல்லது என்று ஆகிவிடாது. வறுமையிலிருந்து நபியவர்களே பாதுகாப்புத் தேடினார்கள். கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டுக்கு உபதேசத்தோடு போகாதீர்கள், ஜகாத்தோடு போங்கள்.

கொடுப்பதில் உள்ள மகிழ்ச்சி

கனடாவில் எலிசபெத் டன் குழுவினர் காலையில் சிலரிடம் 5 டாலரும் சிலரிடம் 20 டாலரும் கொடுத்து, ஒரு சாராரைத் தமக்காகவும் மறுசாராரைப் பிறருக்காகவும் செலவழிக்கச் சொன்னார்கள். மாலையில் பிறருக்குச் செலவழித்தவர்களே அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை கூடியதால் மகிழ்ச்சி கூடவில்லை. 2008-ல் இந்த ஆய்வு வெளியானது.

நம் கண்முன்னே ஓர் ஆதாரம் இருக்கிறது. ஜமால் முஹம்மது ஸாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் 1951-ல் தொடங்கிய ஜமால் முஹம்மது கல்லூரிக்கு, ராவுத்தர் அவர்கள் தம் நிலத்தையே கொடுத்தார்கள். விற்றிருந்தால் அந்தப் பணம் என்றோ செலவாகியிருக்கும். கொடுத்ததால் எழுபது ஆண்டுகள் கடந்தும் அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். ஸதகா ஜாரியா என்பது இதுதான்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். அடுத்தவரைப் பார்த்து வாங்க நினைத்த ஒரு பொருளை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை உங்கள் தெருவில் தேவையுள்ள ஒருவருக்கு யாருக்கும் தெரியாமல் கொடுங்கள். பிறகு உங்கள் மனதைக் கேட்டுப் பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் ரிஜ்கில் பரக்கத்தையும், உள்ளத்தில் போதுமென்ற தன்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.