வாத்தின் இறகும் தோலும்: புறக்கடையில் வளர்ப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொல்லையில் நாலைந்து வாத்து வளர்க்கும் வீடுகளில் மூன்று கவலைகள் அடிக்கடி வரும். தண்ணீரிலிருந்து ஏறிய வாத்து தொப்பலாக நனைந்து நடுங்குகிறது. பெட்டையின் பின்கழுத்தில் இறகே இல்லை. ஒன்று காலை ஊன்றாமல் நொண்டுகிறது. மூன்றுக்கும் நம் கை முதலில் வேப்பெண்ணெய்க்கும் மஞ்சளுக்கும்தான் போகும். இரண்டையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். கோழிக்குப் பழகிய வைத்தியம் வாத்துக்கு அப்படியே பொருந்தாது. கோழி மண்ணில் புரண்டு உடம்பைச் சுத்தம் செய்துகொள்ளும். வாத்துக்கு அந்த வேலை தண்ணீரில்தான் நடக்க வேண்டும். தண்ணீரையும் தரையையும் சரிசெய்யாமல் மருந்தைத் தொட்டால், மருந்து தீரும், நோய் தீராது.

நல்ல இறகு எப்படி இருக்கும்?

உதிர்ந்து கிடக்கும் சிறகிறகு ஒன்றை எடுத்து, நுனியிலிருந்து அடிப்பக்கமாக விரலால் தடவுங்கள். இழை இழையாகப் பிரியும். இப்போது அடியிலிருந்து நுனிக்குத் தடவினால் மறுபடியும் ஒரே தகடாகச் சேர்ந்துகொள்ளும். இழைகளின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று பற்றியிருப்பதால்தான் தண்ணீர் தோல்வரை இறங்குவதில்லை. வாலின் அடியில், முதுகுப் பக்கம், சின்ன மேடு ஒன்று தட்டுப்படும். அது எண்ணெய்ச் சுரப்பி. வாத்து அலகை அதில் தேய்த்து உடம்பெங்கும் பூசிக்கொள்ளும் எண்ணெய், இறகு காய்ந்து ஒடியாமல் காக்கிறது.

எண்ணெய்தானே தண்ணீரைத் தடுக்கிறது, நாமும் கொஞ்சம் தடவிவிடுவோம் என்று சிலர் தேங்காயெண்ணெய் பூசுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வெளி எண்ணெய் இழைகளை ஒட்டவைத்துவிடும், கொக்கிகள் சேராது, தண்ணீர் நேராகத் தோலுக்கு இறங்கும்.

முதுகில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு விழுந்தால் இறகு நலமாக இருக்கிறது. ஊறி, அந்த இடம் கறுத்துத் தெரிந்தால் வேலை இருக்கிறது.

முதல் படி: பிடித்துப் பார்ப்பது

காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். வாத்தின் கால் உடம்பின் எடைக்கு மெலிந்தது, எளிதில் பிசகிவிடும். இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து அணைத்து, அடிவயிற்றுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துத் தூக்குங்கள். மாலையில் அடைத்த பிறகு பிடித்தால் துரத்தும் தொல்லை இருக்காது.

இறக்கையின் அடிப்பகுதி, ஆசனவாயைச் சுற்றி, பின்கழுத்து, கண்ணோரம், வாலடி மேடு, கடைசியாகப் பாதத்தின் அடி என்ற வரிசையில் பாருங்கள். இறகைப் பிரித்துத் தோலைப் பார்க்க வேண்டும். பிரச்சினை இல்லாத நாளிலும் மாதம் ஒருமுறை இப்படிப் பார்த்துவந்தால், எது வழக்கமானது, எது புதியது என்று கைக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: தண்ணீரும் தரையும்

குளம் கட்டாயமில்லை. வாத்து தலையைக் கண்ணும் மூக்கும் மூழ்கும்படி முழுதாக விட்டு எடுக்க ஒரு ஆழமான பாத்திரம், உடம்பை நனைக்க ஒரு அகலமான டப் இருந்தால் போதும். தலை மூழ்காத தட்டில் தண்ணீர் வைத்தால் கண்ணோரம் பீளை கட்டும், அங்குள்ள இறகு ஒட்டிப்போகும். குளிக்கும் தண்ணீரைத் தினம் மாற்றுங்கள். பச்சைப் பாசியும் எச்சமும் கலந்த சிமென்ட் தொட்டியில் நாளெல்லாம் கிடக்கும் வாத்தின் இறகு அழுக்கேறி, நீர் தடுக்கும் தன்மையை இழக்கிறது.

தொட்டியைச் சுற்றிச் சேறாகும். அங்கே செங்கல் ஜல்லி போடாமல் வழவழப்பான கூழாங்கல் அல்லது மணல் போடுங்கள். இரவு தங்கும் இடத்தில் நெல் உமியோ காய்ந்த வைக்கோலோ மூன்று நான்கு அங்குலம் பரப்பி, ஈரமானதை உடனே அள்ளுங்கள். ஈர எச்சத்தின் மேல் இரவெல்லாம் படுத்தால் வயிற்று இறகு அழுகும், அடியில் தோல் சிவக்கும்.

மூன்றாம் படி: ஊறிக் கனக்கும் இறகுக்கு

தண்ணீரில் இறங்கிய வாத்து தாழ்ந்து மிதக்கிறதா? ஏறி வந்ததும் இறகு கற்றை கற்றையாகத் தொங்குகிறதா? அதைத் தொட்டியிலிருந்து உடனே பிரியுங்கள். நனைந்த வாத்து குளிரில் துவண்டுவிடும். ஆழமான தண்ணீரில் மூழ்கவும் செய்யும்.

வெயில் உள்ள காலை நேரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பெரிய பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவும் திரவ சோப்பில் சில துளிகள் கலக்குங்கள். துணி துவைக்கும் பவுடரும் ஷாம்பூவும் ஆகாது. வாத்தை அதில் உட்காரவைத்து, இறகு வளரும் திசையிலேயே தண்ணீரை மெல்ல அள்ளி விடுங்கள். எதிர்த் திசையில் தேய்த்தால் இழைகள் முறியும். பிறகு மூன்று நான்கு முறை சுத்தத் தண்ணீரில் அலச வேண்டும். குளிப்பாட்டுவதைவிட அலசுவதுதான் முக்கியம். மிச்சமிருக்கும் சோப்பு, எண்ணெயைவிட மோசமாகத் தண்ணீரை உள்ளே விடும். பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, காற்று வீசாத காய்ந்த இடத்தில் விடுங்கள். மஞ்சள் பல்பு ஒன்றை எட்டத்தில் தொங்கவிடலாம். விலகிப்போக இடமும் இருக்க வேண்டும்.

அடுத்து வருவது பொறுமை. காய்ந்ததும் வாத்து மணிக்கணக்கில் அலகால் இறகை ஒவ்வொன்றாகக் கோதிக்கொள்ளும். அதுதான் நிஜமான சிகிச்சை. கலைக்காதீர்கள். சில நாட்கள் குடிக்கவும் தலை முக்கவும் மட்டும் தண்ணீர் கொடுத்து, பிறகு உங்கள் கண்ணெதிரே சிறிது நேரம் குளிக்க விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டலாம். முறிந்து சிதைந்த இறகு திரும்பச் சேராது. அடுத்த முறை உதிர்ந்து புதிது முளைக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். வாலடி மேடு வீங்கி, தொட்டால் வாத்து துடித்தால் சுரப்பி அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஒத்தடம் கொடுங்கள், பிதுக்க வேண்டாம். இரண்டு நாளில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகளுக்குத் தாயின் இறகு எண்ணெய் கிடைப்பதில்லை. முதல் நாலைந்து வாரம் அவற்றைத் தனியே நீந்த விடாதீர்கள்.

நான்காம் படி: பேனும் செள்ளும்

நன்றாகக் குளிக்கும் வாத்துக்குப் பேன் அதிகம் வராது. பேன் பிடித்திருக்கிறது என்றால் அந்த வாத்து குளிக்கவில்லை, அல்லது உடம்பு முடியாமல் கோதுவதை நிறுத்திவிட்டது என்று பொருள். பேனைப் பார்ப்பதற்கு முன் அந்தக் காரணத்தைப் பாருங்கள். இறகின் அடித்தண்டில் வெள்ளையாக ஒட்டியிருப்பவை பேன் முட்டைகள். சிவப்புச் செள்ளு பகலில் உடம்பில் இருக்காது. கொட்டகைப் பலகையின் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும். இரவில் டார்ச் அடித்து இடுக்குகளைப் பாருங்கள்.

சாம்பல் போடும் பழக்கம் கோழிக்குச் சரி. ஈரத்தோடு சேர்ந்த மரச்சாம்பல் காரமாகி வாத்தின் தோலை எரிக்கும். பறவைகளுக்கென்று விற்கும் 0.25 சதவீத பெர்மெத்ரின் தூளை மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்தலாம்: கண், மூக்கு, அலகில் படாமல் இறக்கையடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் தூவி, 7 முதல் 10 நாளில் மறுபடி ஒருமுறை. முட்டைக்குள் இருப்பதை மருந்து கொல்லாது என்பதால் இரண்டாவது முறை அவசியம். மாட்டு உண்ணிக்கு விற்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் திரவத்தில் வாத்தை முக்கி எடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடர்த்தி தப்பினால் வாத்து தாங்காது. அந்த வாத்து அன்றைக்கே குளத்தில் இறங்கினால் மீன்களும் சாகும். இந்த வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம்.

ஐந்தாம் படி: கழுத்து வழுக்கையா, இறகு உதிர்வா?

பெட்டையின் பின்கழுத்திலும் முதுகிலும் மட்டும் இறகு போயிருந்தால் அநேகமாக அது நோயாக இருக்காது. ஆண் வாத்து அணையும்போது அலகால் கவ்வும் இடம் அது. ஓர் ஆணுக்கு ஐந்து பெட்டை இருக்கட்டும். கூடுதல் ஆணைப் பிரித்து அடையுங்கள். தோல் கிழிந்த பெட்டையையும் ஆறும்வரை தனியே வையுங்கள், ஆனால் கூட்டத்தைப் பார்க்கும்படி.

உடம்பெங்கும் சீராக உதிர்ந்து, கூரான புது முளைகள் தெரிந்தால் அது இயற்கையான உதிர்வு. சிறகிறகுகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழும், முட்டையும் நிற்கும். பதறாதீர்கள். முளைத்துவரும் இறகுத் தண்டில் இரத்தம் ஓடுகிறது, அந்த நாட்களில் அதிகம் பிடித்துத் தூக்காமல் இருங்கள். இறகு முழுக்கப் புரதம் என்பதால் அசோலா, கரையான், வயல் நத்தை, உப்பில்லாத கருவாட்டுத் தூள் என்று கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். உப்புக் கருவாடு கூடவே கூடாது.

ஆறாம் படி: பாதத்தில் கறுப்புப் பொருக்கு

பாதத்தின் அடியில் வட்டமாகக் கறுத்த பொருக்கு, அதைச் சுற்றி வீக்கம், தொட்டால் சூடு. சீமைக் கருவேல முள்ளோ சொரசொரப்பான சிமென்ட் தரையோ கீறிய இடத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி புகுந்து கட்டியாகிறது. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் வீட்டிலேயே ஆற்றலாம். நாலு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை கப் எப்சம் உப்புக் கலந்து, பாதத்தை 10 முதல் 15 நிமிடம் ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க விட்டால் பேதியாகும். துடைத்துக் காயவைத்து, பால் சேர்க்காத லேசான டீ நிறத்துக்கு நீர்த்த போவிடோன் அயோடினால் கழுவி, மெத்தென்று பஞ்சுத் துணி வைத்துக் கட்டுங்கள். கட்டைத் தினம் மாற்ற வேண்டும். பொருக்கைப் பிளேடால் கீறி எடுக்கும் வேலை நமக்கு வேண்டாம். உள்ளே எலும்புவரை போயிருந்தால் மருத்துவரால்தான் முடியும்.

ஏழாம் படி: காயமும் புழுவும்

நாயோ கீரியோ கடித்த காயத்தை, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 9 கிராம் உப்பு என்ற கணக்கில் கலந்த நீரால் கழுவுங்கள். ஈ மொய்க்காத இடத்தில் வையுங்கள், ஏனென்றால் நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். புழு இருந்தால் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, மீண்டும் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள். டர்பன்டைன் ஊற்றுவது மாட்டுக்குச் செய்வது; வாத்தின் மெல்லிய தோல் தாங்காது. எதைப் பூசினாலும் வாத்து அதைக் கோதி விழுங்கும் என்பதை மறக்காதீர்கள். துத்தநாக ஆக்ஸைடு கலந்த களிம்புகளை அதனால்தான் தவிர்க்க வேண்டும். துத்தநாகம் உள்ளே போனால் நஞ்சு.

எட்டாம் படி: தீவனப் பானையைத் திறந்து பாருங்கள்

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன; வாத்துக் குஞ்சுகளும் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சுதான் காரணம் என்று கண்டார்கள். அஃப்ளடாக்சின் என்று உலகம் அறிந்தது அப்போதுதான். அதற்கு மிக எளிதில் பலியாகும் பறவை வாத்து. குஞ்சு வளராமல், இறகைப் பிடுங்கிக்கொண்டு, கால் ஊதா நிறமாகி நொண்டினால் முதலில் பிண்ணாக்கைச் சந்தேகப்படுங்கள். மழைக்காலத்தில் ஈரம் பட்டுக் கட்டி கட்டிய பிண்ணாக்கையும் தவிட்டையும் உதிர்த்துக் காயவைத்துப் போடாதீர்கள். நஞ்சு வெயிலில் போய்விடாது. குப்பைக் குழியில் கொட்டி மூடுங்கள்.

இன்னொன்று நயாசின் சத்து. வாத்துக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் தேவை. கோழிக் குஞ்சுத் தீவனத்தில் அந்த அளவு இல்லாமல் போகலாம். குறைந்தால் கால் வளையும், இறகு சரியாக மூடாது. ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூளைத் தீவனத்தில் கலந்து கொடுக்கலாம்.

மருத்துவரிடம் எப்போது?

இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக நிற்பது தோல் நோயாக இல்லாமல் இருக்கலாம். வெளிச்சத்துக்குக் கண்ணை மூடுவது, பச்சை நிறத்தில் நீராகக் கழிவது, கழுத்தைத் தொங்கவிடுவது, ஒன்றுக்கு மேற்பட்டவை திடீரெனச் சாவது ஆகியவை தெரிந்தால் வாத்து பிளேக்காகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கக்கூடும். 2014இல் கேரளத்தின் குட்டநாட்டுப் பகுதியில் பறவைக் காய்ச்சல் தாக்கியது வாத்துகளைத்தான். செத்ததை வெறும் கையால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், விற்காதீர்கள். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

மருத்துவரைப் பார்க்கும்போது என்ன தீவனம், என்ன தண்ணீர், எதைப் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். செல்பேசியில் இறகையும் பாதத்தையும் எச்சத்தையும் படம் எடுத்துப் போனால் அவருக்கு உதவும். மருந்து எழுதும்போதே, எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று கேட்டு, அதையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.