இளம் ஆட்டக்காரரின் ஆற்றலும் அணியின் தேவையும்

முன்னுரை

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர் நம் முன்னோர். ஆனால் முளை பயிராவதற்கு ஏற்ற நிலம் வேண்டும், நீர் வேண்டும், பருவமறிந்து களை எடுக்கும் கையும் வேண்டும். விளையாட்டுத் துறையில் இவ்வுண்மையை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஓர் இளைஞன் நன்றாக ஆடினால், "இவன் பெரிய ஆட்டக்காரன் ஆவான்" என்கிறோம். அவ்வாறு ஆகாது போனால் அவன்மீதே குறை காண்கிறோம். அவனை எந்த அணியில், எந்த இடத்தில், யாருக்குத் துணையாக நிறுத்தினோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஓர் இளைஞனின் ஆற்றலையும் அவன் அணியின் தேவையையும் ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை, அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஸ்டீபன் கர்ரியின் வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கார்டு என்பவர் யார்?

கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஐவர் களத்தில் நிற்பர். பொதுவாக இருவர் கார்டுகள், இருவர் பார்வர்டுகள், ஒருவர் சென்டர். வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருப்பதால், வளையத்தருகே ஆடும் சென்டரும் பார்வர்டுகளும் நெடிதுயர்ந்தவர்களாக இருப்பர். கார்டுகள் அவர்களைவிடக் குட்டையானவர்கள். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, ஆட்டத்தை நடத்திச் செல்பவர் பாயிண்ட் கார்டு. தொலைவிலிருந்து பந்தை எறிந்து புள்ளி சேர்ப்பவர் ஷூட்டிங் கார்டு.

இவ்விரு கார்டுகளும் மிகக் குட்டையானவர்களாக இருந்தால் என்ன நேரும்? எதிரணியின் உயரமான கார்டு அவர்கள் தலைக்கு மேலேயே எளிதாகப் பந்தை எறிந்துவிடுவார். அவரைத் தடுக்கப் பின்னாலிருந்து ஒருவர் ஓடிவந்தால், அவர் விட்டு வந்த இடம் காலியாகிவிடும். ஐவரில் ஒருவரின் குறை மற்ற நால்வருக்கும் சுமையாகிறது. தொழில்முறை அணிகளுக்கு வேறோர் இடர்ப்பாடும் உண்டு. அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் அணியின் ஊதியச் செலவுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டுள்ளது. ஆகவே விரும்பிய அனைவரையும் சேர்த்துக்கொள்ள இயலாது. ஒருவரைப் பெற மற்றொருவரை இழக்க நேரும்.

முளையில் தெரிந்தவை

ஸ்டீபன் கர்ரி 1988ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை டெல் கர்ரியும் என்.பி.ஏ. ஆட்டக்காரரே. எனினும் மகன் பள்ளிப் பருவத்தில் மெலிந்த உடலினராக இருந்தமையால், பெருங்கல்லூரிகள் அவருக்கு உதவித்தொகையுடன் இடமளிக்க முன்வரவில்லை. வட கரோலினாவிலுள்ள டேவிட்சன் என்னும் சிறிய கல்லூரி அவரை ஏற்றது. 2007-08 பருவத்தில் அவர் 162 மூன்று புள்ளி எறிதல்களை வெற்றியாக்கிக் கல்லூரிப் போட்டிகளில் புதிய சாதனை படைத்தார். அடுத்த பருவத்தில் ஆட்டத்திற்குச் சராசரி 28.6 புள்ளிகள் எடுத்து, அந்நாட்டின் கல்லூரி ஆட்டக்காரர்களுள் முதலிடம் பெற்றார்.

ஆயினும் ஐயங்கள் நீங்கவில்லை. உயரம் 6 அடி 3 அங்குலத்தைத் தாண்டவில்லை. உடல் வலிமையும் குறைவு. எறிவதில் வல்லவராயினும் ஓர் அணியை நடத்திச் செல்ல வல்லவரா என்னும் கேள்வியும் எழுந்தது. இவை பொறாமையால் எழுந்த ஐயங்கள் அல்ல, நியாயமானவையே.

தேவைக்கு மாறான தேர்வு

2009ஆம் ஆண்டு புதிய ஆட்டக்காரர் தேர்வில் மின்னசோட்டா அணிக்கு 5ஆம் இடமும் 6ஆம் இடமும் அடுத்தடுத்துக் கிடைத்தன. அவ்வணி ரிக்கி ரூபியோ, ஜானி ஃபிளின் என்னும் இரு பாயிண்ட் கார்டுகளைத் தேர்ந்தெடுத்தது. 7ஆம் இடத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி கர்ரியைத் தேர்ந்தெடுத்தது.

அன்றைய கணக்குப்படி இத்தேர்வு பொருந்தாதது. ஏனெனில் அவ்வணியில் மோன்டா எல்லிஸ் என்னும் சிறந்த கார்டு ஏற்கெனவே இருந்தார். அவரும் கர்ரியைப் போலவே 6 அடி 3 அங்குல உயரமுடையவர். இருவரும் சேர்ந்து ஆடினால் வெற்றி கிட்டாது, நாங்கள் மிகவும் சிறியவர்கள் என்று எல்லிஸே வெளிப்படையாகக் கூறினார். அவர் கூற்று பொய்க்கவில்லை. 2009-10 பருவத்தில் எல்லிஸ் சராசரி 25.5 புள்ளிகளும் கர்ரி 17.5 புள்ளிகளும் எடுத்தனர். இருந்தும் அணி 26 ஆட்டங்களில் வென்று 56இல் தோற்றது. அடுத்த பருவத்தில் 36 வெற்றி, 46 தோல்வி. புள்ளிகள் குவிந்தன, வெற்றிகள் குவியவில்லை. ஓர் உறையில் இரு கத்திகள் என்னும் நிலை இதுவே.

யாரை விடுவது?

2012 மார்ச்சு மாதத்தில் அணி முடிவெடுத்தது. எல்லிஸை மில்வாக்கி அணிக்குக் கொடுத்து, ஆண்ட்ரூ போகட் என்னும் 7 அடி உயரச் சென்டரைப் பெற்றது. எல்லிஸ் மக்களின் அன்புக்குரியவர். போகட்டோ அச்சமயம் காயமுற்றுக் களமிறங்க இயலாதவர். கர்ரியின் கணுக்காலும் ஓயாது தொல்லை கொடுத்தது. அப்பருவத்தில் அவர் ஆடியவை 26 ஆட்டங்களே. நலமாயிருந்தவரை விட்டுவிட்டுக் காயம்பட்ட இருவரை நம்புவதா என்று மக்கள் கொதித்தனர். சில நாட்களில் நடந்த ஒரு பாராட்டு விழாவில் அணியின் உரிமையாளர் ஜோ லேக்கப் பேச எழுந்தபோது, சொந்த அரங்கத்து மக்களே கூச்சலிட்டு அவரைப் பேசவிடாமல் செய்தனர்.

அம்மக்களை நாம் குறை கூற இயலாது. அவர்கள் கண்ணால் கண்டது எல்லிஸின் ஆட்டம். அணியினர் கணக்கிட்டது கர்ரியின் எதிர்காலம். அக்கணக்கும் அன்று உறுதியான ஒன்றன்று. கணுக்கால் குணமாகாது போயிருந்தால், அம்முடிவைப் பேதைமை என்றே வரலாறு எழுதியிருக்கும்.

ஒருவரைச் சுற்றி ஓர் அணி

முடிவெடுத்தபின் அணியினர் கேட்ட கேள்வி மாறியது. "நம் அணியில் எந்த இடம் காலி?" என்பது பழைய கேள்வி. "கர்ரியின் ஆற்றல் முழுமையாக வெளிப்பட, அவர் பக்கத்தில் எத்தகையவர் நிற்க வேண்டும்?" என்பது புதிய கேள்வி. அதற்கான விடைகள் ஒவ்வொன்றாக அமைந்தன.

2011ஆம் ஆண்டிலேயே 11ஆம் இடத்தில் கிளே தாம்சன் தேர்வாகியிருந்தார். 6 அடி 6 அங்குல உயரமுடைய அவர், எதிரணியின் வலிமைமிக்க கார்டைத் தடுக்கும் பொறுப்பை ஏற்றார். அதனால் கர்ரியின் சுமை குறைந்தது. தாமும் தொலைவிலிருந்து எறிய வல்லவராதலால், எதிரணியினர் கர்ரி ஒருவரையே சூழ்ந்து நிற்கவும் இயலவில்லை. 2012ஆம் ஆண்டு 35ஆம் இடத்தில் டிரேமாண்ட் கிரீன் கிடைத்தார். கர்ரியை இருவர் மடக்கினால் பந்து கிரீன் கைக்குப் போகும். அப்போது எதிரணியில் எஞ்சி நிற்பவர் மூவர், இவ்வணியிலோ நால்வர். ஒருவரின் எறிதல் திறமை நால்வருக்கு வழி திறக்கும் நுட்பம் இதுவே.

2012-13 பருவத்தில் கர்ரி 272 மூன்று புள்ளி எறிதல்களுடன் என்.பி.ஏ. சாதனையை முறியடித்தார். 2015ஆம் ஆண்டு, 40 ஆண்டுகளுக்குப் பின் அவ்வணி வாகை சூடியது. 2015-16 பருவத்தில் அவர் எண்ணிக்கையை 402 ஆக உயர்த்தினார். 2017, 2018, 2022 ஆகிய ஆண்டுகளிலும் அவ்வணி வாகை சூடியது.

தேவையும் நிலையானதன்று

ஈண்டு ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். உயரம் வேண்டும் என்றுதான் போகட் வரவழைக்கப்பட்டார். ஆனால் 2015 இறுதிப் போட்டியில் 2-1 எனப் பின்தங்கியபோது, பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் அவரை வெளியே அமர்த்தி, குட்டையானவரும் விரைந்து ஆடுபவருமான ஆந்த்ரே இக்வொடாலாவை முதல் ஐவரில் இறக்கினார். தொடர்ந்து மூன்று ஆட்டங்களும் வெற்றியாயின. இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் இக்வொடாலாவுக்கே கிடைத்தது. நேற்றைய தேவை இன்றைய தேவையாக இருக்க வேண்டுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எல்லிஸின் கதையையும் மறத்தலாகாது. அவர் திறமையற்றவர் அல்லர். 2013இல் டல்லாஸ் அணியில் சேர்ந்து, உயரமான டிர்க் நோவிட்ஸ்கிக்குத் துணையாக ஆடி, முதற் பருவத்திலேயே சராசரி 19 புள்ளிகள் எடுத்தார். பொருந்தாதது ஆட்டக்காரர் அல்லர்; இணையே.

முடிவுரை

இவ்வரலாறு இரு பாடங்களைப் புகட்டுகிறது. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஆற்றலைப் பார்க்க வேண்டும். அணியைக் கட்டும்போது தேவையைப் பார்க்க வேண்டும். முன்னதை மட்டும் பார்த்தால் ஓர் உறையில் இரு கத்திகள் சேரும். பின்னதை மட்டும் பார்த்தால், இடம் காலியில்லை என்னும் காரணத்தால் ஒரு கர்ரியை இழப்போம். செயலையும் செய்வோனையும் பொருத்திப் பார்க்கும் முறையை வள்ளுவர் தெரிந்து வினையாடல் எனத் தனி அதிகாரமாகவே வகுத்தார்.

அணியில் இடம் கிடைக்காத மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஆற்றல் இல்லையென்று பொருளன்று. ஆனால் வாளா வருந்தி இருப்பதிலும் பயனில்லை. "என்னிடம் உள்ளது எது? என் அணியிடம் இல்லாதது எது?" என்னும் இரு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். விடைகள் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் இடமே நீங்கள் நிற்க வேண்டிய இடமாகும்.