சீனி டப்பாவை மேல் தட்டில் வை, தங்கச்சி!

"அக்கா, சீனியை நிறுத்தி மூணு நாளாச்சு. காலையில சாப்பாட்டு மேசையே சண்டைக்களமா கெடக்கு. வெல்லத்துக்கு மாறினா போதுமா?" என்று போனில் கேட்டாயே, அதற்குத்தான் இது.

போதாது. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாவற்றிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் போட்ட கணக்கில் தேனும் பழச்சாறும்கூடச் சேர்த்தி. பெரியவர்களுக்கு அவையெல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு சுமார் 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். ஆகவே வெள்ளைக்குப் பதில் பழுப்பு என்று நிறத்தை மாற்றிப் பயனில்லை. கிழங்கிலும் தானியத்திலும் பழத்திலும் ஒளிந்திருக்கும் இனிப்பை வெளியே வரவைக்க வேண்டும். நாகர்கோவிலில் நான் செய்வதைச் சொல்கிறேன்.

1. கிழங்குக்கு விசில் வேண்டாம்

சக்கரைவள்ளிக் கிழங்கை குக்கரில் வைத்தால் சீக்கிரம் வேகும், இனிப்பு ஏறாது. கிழங்கிலுள்ள ஒரு நொதி மாவுச்சத்தை இனிப்பாக மாற்றுகிறது. மிதமான சூட்டில்தான் அதற்கு வேலை. கொதி வந்தால் அடங்கிவிடும். முழுக்கிழங்கைத் தோலோடு பச்சைத்தண்ணீரில் போட்டு, சிறுதீயில் முக்கால் மணி நேரம் விடு. முந்தின இரவே அவித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், காலையில் தோலுரித்துச் சூடாக்கி, தேங்காய்த்துருவலும் ஏலக்காயும் தூவினால் போதும். ஒரு சிட்டிகை உப்பும் போடு. இனிப்பு எடுப்பாகத் தெரியும்.

2. ராகியை முளைகட்டு

பத்து மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடு. ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். உலர்த்தி, வாசம் வரும்வரை வறுத்துத் திரித்துக்கொள். முளைவிடும்போது மாவுச்சத்து உடைவதால் கஞ்சி தானாகவே லேசாக இனிக்கும். சாதாரண மாவைப்போல் கெட்டியாகாது, அதனால் ஒரு ஸ்பூன் மாவு கூடப் போடு. அடைமழைக் காலத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம். போன ஐப்பசியில் வெயில் வரும் வரும் என்று காத்திருந்து, பூசணம் பிடித்து, ஒரு கிலோ ராகியையும் கொட்டினேன்.

3. ஏத்தன்பழம் கறுக்கட்டும்

உங்கள் ஊரில் நேந்திரம் என்பார்கள். மஞ்சளாக இருக்கும்போதே அவிக்காதே. தோலில் கரும்புள்ளி விழுந்து, தொட்டால் நெகிழும்வரை பொறு. தோலோடு இரண்டாக நறுக்கி இட்லிக் கொப்பரையில் பத்து நிமிடம் வை. சூடான புட்டோடு பிசைந்து கொடுத்தால் சீனி எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

4. பேரீச்சை விழுது

பதினைந்து பழத்தைக் கொட்டை நீக்கி, மூழ்குமளவு வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடே அரை. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். கோதுமை தோசை மாவில், ஆளுக்கு ஒரு ஸ்பூன் கணக்கில் கலக்கு. பழம் சேர்ந்த மாவு சீக்கிரம் கருகும். தோசைக்கல் மிதமான சூட்டிலேயே இருக்கட்டும். பழம்தானே என்று அள்ளிப் போடாதே, இதுவும் நல்ல இனிப்பு.

5. ஆப்பத்துக்கு முதல் பால்

தேங்காய் முற்றாததாக இருந்தால் பாலே இனிக்கும். திக்கான முதல் பாலில் ஏலக்காய் தட்டிப் போட்டு, கனிந்த வாழைப்பழத்தில் பாதியை மசித்துக் கலந்துவிடு. கொதிக்கவைக்காதே, திரிந்துபோகும்.

6. கருப்பட்டி ஞாயிற்றுக்கிழமைக்கு

ஒதுக்க வேண்டாம், விருந்தாளி மாதிரி வைத்துக்கொள். சீனி கலந்த கருப்பட்டியும் விற்கிறார்கள், தெரிந்த ஆளிடம் வாங்கு. கரைத்து வடிகட்டினால் மண் தங்கிவிடும். கொதிக்கிற பாலில் போட்டால் திரியலாம். அடுப்பை அணைத்து, சற்று ஆறியபின் பாகை ஊற்று.

7. டப்பாவின் பின்பக்கம் படி

கடையில் வாங்கும் சத்துமாவு, கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாக்களில் எது எடையில் அதிகமோ அதன் பெயர்தான் முதலில் இருக்கும். முதல் மூன்று பெயருக்குள் சீனியோ குளுக்கோஸ் சிரப்போ வந்தால், எடுத்த இடத்திலேயே வைத்துவிடு.

8. நாக்குக்கு அவகாசம் கொடு

ஒரே நாளில் நிறுத்தியதுதான் உன் வீட்டுச் சண்டைக்குக் காரணம். இரண்டு ஸ்பூன் போட்ட இடத்தில் ஒன்றரை, அடுத்த வாரம் ஒன்று என்று இறங்கு.

இரண்டு எச்சரிக்கை. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்காதே. உன் மாமனாருக்குச் சுகர் இருக்கிறது. பேரீச்சையும் ஏத்தன்பழமும் அவருக்கும் சுகரை ஏற்றும். எவ்வளவு சாப்பிடலாம் என்று அவருடைய டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடு.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் என் சின்னவன் பாலை ஒரு வாய் குடித்துவிட்டு, "அம்மா, இது என்ன பாயசமா?" என்றான். வீட்டுக்கு வந்து மேல் தட்டிலிருந்த டப்பாவை இறக்கினேன். சீனி கட்டிதட்டிப் போயிருந்தது, ஸ்பூன் இறங்கவில்லை.